யோக்கியனுக்கு என்ன லாபம்?

“யோக்கியனாக வாழ்ந்து என்ன கண்டோம்?” என்ற கேள்வி வீடுகளிலும், உத்தியோக ஸ்தலங்களிலும், கட்சிக் காரியாலயங்களிலும் சகஜமாகிவிட்டது. கேட்பவர்கள் அனைவரும் அயோக்கியர்கள் அல்லர். நேர்மையால் நஷ்டமடைந்தவர்களே பெரும்பாலும் கேட்கிறார்கள். அவர்களுக்கு நீதி வாக்கியங்களைச் சொல்லி அனுப்பிவிடுவது நியாயமன்று. லாப நஷ்டத்தைக் கணக்கிட்டே பதில் சொல்லவேண்டும்.

இக்கணக்குக்கு ஸ்ரீ கக்கன் அவர்களின் வாழ்க்கை மிகவும் பொருத்தமானது. மேலூரை அடுத்த தும்பைப்பட்டியில் 1908-ல் பிறந்தவர் அவர். 1939-ல் ஸ்ரீ வைத்தியநாத ஐயர் மதுரை மீனாட்சியம்மன் ஆலயத்துக்குள் அழைத்துச் சென்ற சிறு கூட்டத்தில் அவரும் ஒருவர். 1942 இயக்கத்தில் சிறை சென்றார். 1957 முதல் 1967 வரை பத்து வருஷ காலம் சென்னை ராஜ்யத்தின் மந்திரியாக இருந்தார். மராமத்து, விவசாயம், போலீஸ் முதலிய இலாகாக்கள் அவர் வசம் இருந்தன. அணைகளும் ரஸ்தாக்களும் கட்டும் இலாகாவை நிர்வகிப்பவர் பணத்தைத் தேடிப் போகவேண்டியதில்லை. பணமே அவர் வாசலில் வந்து நிற்கும். ஸ்ரீ கக்கன் அதை உள்ளே விடவில்லை.

அதற்கு அவர் கொடுத்த விலை என்ன? பதவி நீங்கியபின் வாடகை வீடும் பஸ் பிரயாணமுமே அவருக்கு மிஞ்சின. நோயுற்றபோது மதுரை சர்க்கார் ஆஸ்பத்திரியின் பொது வார்டில் படுத்திருந்தார். அங்கு வேறொருவரைப் பார்க்க வந்த அப்போதைய முதல் மந்திரி எம்.ஜி.ஆர். அவரைக் கண்டு திடுக்கிட்டு, வசதிகளுக்கு ஏற்பாடு செய்தார். 1981-ல் ஸ்ரீ கக்கன் காலமானார். இவ்விலையை அவர் மட்டும் கொடுக்கவில்லை. அவருடைய மனைவி மக்களும் சேர்ந்து கொடுத்தார்கள். நேர்மையைப் புகழ்வோர் இதை மறைக்கலாகாது.

நேர்மை எல்லாக் குறைகளையும் மூடும் போர்வையுமன்று. 1965-ல் ஹிந்தி எதிர்ப்புக் கிளர்ச்சியின்போது போலீஸ் இலாகா அவர் பொறுப்பில் இருந்தது. அன்று நடந்த துப்பாக்கிப் பிரயோகங்களை ஜனங்கள் மறக்கவில்லை. 1967 தேர்தலில் அவர் தோல்வியுற்றார். கை சுத்தமாயிருந்தது என்பதற்காக ஒரு மந்திரியின் செய்கைகள் விசாரணைக்கு அப்பாற்பட்டவை ஆகிவிடா.

அப்படியாயின் லாபம் எது? பயமின்மையே முதல் லாபம். லஞ்சம் வாங்கியவன், கொடுத்தவனுக்கு ஆயுட்கால அடிமை. வாங்காதவனுக்குக் கதவைத் தட்டும் ஓசையில் கலக்கமில்லை. ஒளிக்க ஒன்றுமில்லாதவன் பதவியை விடும்போதும் நடுங்குவதில்லை. அடுத்த லாபம், ஜனங்களின் நம்பிக்கை. அவரைத் தேர்தலில் எதிர்த்த கட்சியினரும் அவர் கையைப் பற்றிக் குறை சொன்னதில்லை. இத்தகைய நற்பெயரை எந்தச் சந்தையிலும் வாங்க முடியாது.

பொது வார்டில் ஒரு முன்னாள் மந்திரி படுத்திருந்தது நம் நாட்டுக்கு அவமானம் என்று பலர் வருந்துகிறார்கள். நாம் அவ்வாறு நினைக்கவில்லை. ஜனங்களின் பிரதிநிதி ஜனங்கள் படுக்கும் இடத்தில் படுப்பதில் இழிவென்ன? அந்த வார்டு ஒரு மந்திரிக்கு ஆகாததென்றால், ஏழைகளுக்கு மட்டும் எப்படி ஆகும்? அவமானம் வேறிடத்தில் இருக்கிறது. மேடையில் யோக்கியர்களைப் போற்றும் நாமே, மறுநாள் காலையில் மைத்துனன் மகனுக்குச் சிபாரிசு கேட்டு அவர்கள் வீட்டுப் படியேறுகிறோம். அவர் மறுத்தால், “பிழைக்கத் தெரியாதவர்” என்று பட்டம் சூட்டுகிறோம். யோக்கியன் தரும் விலையில் பெரும்பகுதியை ஏற்றி வைப்பது லஞ்சக்காரன் அல்லன், நாம்தான்.

தேசத் தொண்டர்கள் இதைச் சிந்திக்கவேண்டும். வசூலித்த நிதிக்குப் பைசாச் சுத்தமாகக் கணக்கு வெளியிடுங்கள். நேர்மையான அதிகாரியிடம் சலுகை கேட்காதீர்கள். நேர்மைக்காக அவர் தண்டிக்கப்படும்போது பக்கத்தில் நில்லுங்கள். மாண்டபின் சிலை வைப்பதைவிட, வாழும்போது அவர் குடும்பம் பட்டினி கிடவாமல் காப்பது உயர்ந்த மரியாதை. யோக்கியனுக்கு விலை உண்டு என்பது மெய். அதை அவன் தனியே செலுத்தும்படி விடுவது நாம் செய்யும் குற்றம்.