பாவைக்குப் பொறி! பாவையர்க்கு உரலா?

கொல்லிப்பாவையை அறியாத தமிழர் யார்? சங்கப் புலவர்கள் அதன் எழிலைப் பாடினர். பின்வந்தோர் கதை கட்டினர். தானே அசையுமாம்! தானே நகைக்குமாம்! நாடி வந்தோரை மயக்கி மாய்க்குமாம்! தெய்வம் சமைத்தது என்பர் சிலர். பொறியால் இயங்கிய பதுமை என்பர் சிலர். எதுவாயினும் ஆகுக! பொறியையே பெண்ணாகக் கற்பனை செய்து பூரித்த நாடு, பொறியை ஆக்கவல்ல பெண்ணைக் கற்பனை செய்யவும் கூசியதே, ஏன்? பழமையின் காவலரைக் கேட்கிறோம்.

கற்பாவையை விடுங்கள். அந்த மலையிலே உயிரோடு உலவும் பாவையரைப் பாருங்கள். நாமக்கல் மாவட்டத்துக் காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் கொல்லிமலை. மலையாளி என்னும் பெயர்கொண்ட பழங்குடி மக்களின் மண் அது. சாமையும் தினையும் கேழ்வரகும் அவர்தம் வழிவழி உணவு. விதை காத்தவள் பெண். களை பறித்தவள் பெண். கதிர் வீடு வந்த பின்னும் அவளுக்கு ஓய்வில்லை. சாமை மணியோ சிறிது. அதன் உமியோ கெட்டி. குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மீண்டும் குத்த வேண்டும். அடுப்பில் உலை ஏறுமுன் அவள் தோள் இற்றுவிடும்!

விளைந்தது என்ன? ஆலைக்குப் போய்ப் பணமாகத் திரும்பும் மரவள்ளிக் கிழங்கு, சாமை விளைந்த நிலத்தைப் பிடித்தது. கடையரிசி, சாமைச் சோறு இருந்த கலத்தைப் பிடித்தது. சந்தை ஒரு காரணம். உலக்கை மற்றொரு காரணம். நெல்லுக்கு ஆலை வந்தது. கோதுமைக்கு ஆலை வந்தது. சாமை மட்டும் நெடுங்காலம் உரலிலேயே கிடந்தது. அறிவியலுக்கு ஆற்றல் இல்லையா? இருந்தது. ஆனால், பொறியை வரைந்த கைகள் உலக்கை பிடித்து அறியாதவை! பெண்ணின் தோள்வலி தீர்க்கப்பட வேண்டிய சிக்கல் என்று அவற்றுக்குத் தோன்றவில்லை. எவர் துன்பத்தை எவர் அறிவாரோ, அவர் கையில்தான் அதற்கான கருவி பிறக்கும்.

பின்னர், எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் சிறுதானியப் பணியால், உமி நீக்கும் சிறு ஆலைகள் அம்மலையூர்களுக்கு வந்தன. மகளிர் சுய உதவிக் குழுக்கள் அவற்றை ஏற்று நடத்தின. பெண்ணின் கை பட்டதும் பொறி நின்றுவிட்டதா? மின்சாரம் மறுத்ததா? இல்லை! ஆலை ஓடிற்று, உரல் ஓய்ந்தது.

ஆயினும், அது முதற்படியே. பொறியை ஓட்டுவது ஒன்று. பொறியை ஆக்குவது மற்றொன்று. ஆக்குவோர் எல்லாம் ஆடவராய், அழுத்துவோர் மட்டும் பெண்டிராய் இருப்பின், அது புது உரலே அன்றி விடுதலை ஆகாது. அவ்வாலையை வரையவும், திருத்தவும், அதனினும் சிறந்ததைப் படைக்கவும் மலைமகள் வேண்டும். கணிப்பொறிக்கு ஆணை எழுதும் அறையிலும் அவளுக்கு இருக்கை வேண்டும்.

"பொறியியல் பெண்ணுக்கு ஒவ்வாது" என்று இன்னும் முணுமுணுப்போர் உளர். அவர்க்கு வரலாறு விடை சொல்லட்டும். 15 வயதில் மணமாகி, 18 வயதில் கைக்குழந்தையோடு கணவனை இழந்தவர் லலிதா. மூலையில் முடங்கு என்றது அன்றைய சமூகம். அவரோ 1940-இல் கிண்டிப் பொறியியல் கல்லூரியில் நுழைந்தார். 1943-இல் மின்பொறியாளராய் வெளிவந்தார். பட்டச் சான்றிதழில் ஆண்பாற் சொல் அச்சிடப்பட்டிருந்தது. அதை அடித்துவிட்டுப் பெண்பாற் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர்! பக்ரா நங்கல் மின்திட்ட வடிவமைப்பிலும் பங்கு கொண்டார் அவர். அவரை அடுத்து அக்கல்லூரியில் பயின்ற திரேசியா, 1971-இல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார். 2024-இல், மலைப்பகுதிப் பழங்குடிப் பள்ளிகளில் பயின்ற மாணவியர் திருச்சி தேசிய தொழில்நுட்பக் கழகத்தில் இடம்பெற்றனர். ஒவ்வாதது பெண்ணுக்கா, உங்கள் பழம்புத்திக்கா?

உதவி இல்லாமல் இல்லை. அரசுப் பள்ளி மாணவியர் உயர்கல்வி பெற மாதம் 1000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் தொடங்கிற்று. அரசுப் பள்ளியினர்க்குப் பொறியியற் படிப்பில் 7.5 விழுக்காட்டு இடஒதுக்கீடு 2021-இல் வந்தது. இவை கல்லூரிக் கதவைத் திறக்கும். வீட்டுக் கதவைத் திறப்பது யார்? "வயது வந்துவிட்டது, வரன் வந்துவிட்டது" என்று பூட்டுகிற பெற்றோரே, உம்மைத்தான் கேட்கிறோம்! மகன் மலையிறங்கிப் படிக்கப் போனால் பெருமை. மகள் போனால் பழியா?

மலைப்பள்ளிக்குக் கணக்கும் இயற்பியலும் கற்பிக்கும் ஆசிரியர் வேண்டும், ஆய்வுக்கூடம் வேண்டும், அடிவார நகரங்களில் அச்சமின்றித் தங்க விடுதி வேண்டும், கணிப்பொறி, பூட்டிய அறையில் தூசி படியாமல் மாணவியின் விரலுக்கு எட்ட வேண்டும். இவற்றைச் சலுகையாக இரக்கவில்லை, உரிமையாகக் கேட்கிறோம்.

தங்கையரே! அசையும் பாவையைக் கண்டு மயங்கிற்று பழைய உலகம். அசைவின் விதியைக் கற்றுப் பொறியை அசைக்கும் பெண்ணைக் காணப் புதிய உலகம் காத்திருக்கிறது. உலக்கை பிடித்துக் காய்த்த கையின் மகளே, அளவுகோலை எடு! உன் தாயின் தோள்வலிக்கு விடை வரை!