அனுப்பியாச்சு… போய்ச் சேர்ந்துச்சா?



போன சித்திரையில் நடந்ததைச் சொல்லி ஆரம்பிக்கிறேன். ஜீயபுரம் பக்கம் என் வயலுக்கு அடுத்த வயலில் ஒரு அக்கா குத்தகைக்கு வாழை வைத்திருந்தார். ரெண்டு ஏக்கர் பூவன். முக்கால்வாசி மரம் தார் போட்டிருந்தது. ஒருநாள் சாயங்காலம் அடித்த சூறைக்காற்றில் முந்நூறு மரத்துக்கு மேல் ஒடிந்து விழுந்துவிட்டது. மறுநாள் காலையில் ஸ்ரீரங்கத்திலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது அக்கா வரப்பில் உட்கார்ந்திருந்தார். செல்போனை என்னிடம் நீட்டி, "சார், இன்சூரன்ஸ் பத்தி ஏதாச்சும் வந்திருக்கான்னு பாருங்க" என்றார்.

பார்த்தேன். பிரிக்காத செய்திகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. ரீசார்ஜ், நகைக்கடன், பரிசு விழுந்திருக்கு என்று ஏமாற்று வேலை. நடுவில் ஒன்று, முந்தின நாள் காலையில் வந்தது: பலத்த காற்று வீசும், வாழைக்கு முட்டுக் கொடுக்கவும். அக்காவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வராது. மகன் திருப்பூரில். நான் வாசித்துக் காட்டினேன். "இது நேத்தே வந்துச்சா?" என்று மட்டும் கேட்டார்.

ஒரு பகலில் ரெண்டு ஏக்கருக்கும் முட்டுக் கொடுத்திருக்க முடியாதுதான். ஆனால் விளைஞ்ச தாரையாவது வெட்டி காந்தி மார்க்கெட்டுக்கு ஏற்றியிருக்கலாம்.

செய்தி அனுப்பியவர்களுடைய கணக்கில் அந்த அக்காவுக்குத் தகவல் கொடுத்தாகிவிட்டது. இது எனக்கு நன்றாகப் புரியும். முப்பது வருஷத்துக்கு மேல் வங்கியில் இருந்தவன் நான். தகவல் தரப்பட்டதா என்று ஒரு கட்டம் இருக்கும். குறுஞ்செய்தி போனதும் அதில் டிக் அடித்துவிடுவோம். படித்தாரா, புரிந்ததா என்று கேட்கக் கட்டமே கிடையாது. அனுப்புவது வேறு, போய்ச் சேர்வது வேறு என்பதை ஓய்வு பெற்ற பிறகு வாழைத் தோட்டத்தில்தான் கற்றுக்கொண்டேன்.

குறுஞ்செய்தியிலேயே ஒரு சங்கடம் இருக்கிறது. 1992 டிசம்பரில் இங்கிலாந்தில் முதல் குறுஞ்செய்தி போனது. ஒரு செய்திக்கு 160 எழுத்து என்பது ஆங்கிலத்தை வைத்துப் போட்ட கணக்கு. யூனிகோடு தமிழில் அனுப்பினால் 70 இடம்தான். அதிலும் கொம்பு, கால், புள்ளி ஒவ்வொன்றும் தனி இடம் பிடிக்கும். 'நெல்லுக்கு' என்பது நமக்கு ஐந்து எழுத்து, செல்போனுக்குப் பத்து இடம். அதற்கு மேல் போனால் ரெண்டு மூணு செய்தியாகக் கணக்காகும், செலவும் கூடும். அதனால் சுருக்கிச் சுருக்கி, கடைசியில் மருந்துப் பெயரும் அளவும் மட்டும் மிஞ்சுகிறது. ஏன் பூச்சி வந்தது, மண் எப்படி இருக்கிறது என்பதற்கெல்லாம் அதில் இடமே இல்லை. இயற்கை விவசாயத்தின் ஆரம்பமே அந்தக் கேள்விகள்தானே?

அப்படியானால் குரல்தான் வழி. குரலின் பலம் திருச்சிக்காரர்களுக்குப் புதுசு இல்லை. 1939-ல் தொடங்கியது திருச்சி வானொலி. 1960-களில் அதன் பண்ணை இல்ல ஒலிபரப்பு ஆடுதுறை 27 நெல்லைக் காவிரிப் பாசனப் பகுதி முழுக்கக் கொண்டு போனது. சனங்கள் அதற்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வைத்தார்கள். படிக்காதவர் காதிலும் அது ஏறியது. ஆனால் அந்த நெல்லோடு சேர்ந்து உர மூட்டையும் வந்தது. நம் பாரம்பரிய நெல் ஒவ்வொன்றாக ஒதுங்கியது. குரலுக்கு அவ்வளவு சக்தி. யார் பேசுகிறார்கள், பதிலுக்கு நாம் பேச முடிகிறதா என்பதுதான் விஷயம்.

செல்போன் வந்த பிறகும் நல்ல முயற்சிகள் நடந்திருக்கின்றன. 2007-ல் தொடங்கிய இஃப்கோ கிசான் சஞ்சார், விவசாயிகளுக்குத் தாய்மொழியில் ஒரு நிமிஷக் குரல்செய்தி அனுப்பியது. தேனி மாவட்டத்தில் விடியல் அமைப்பைச் சேர்ந்த பெண்கள், ஆடு வாங்க வங்கியில் கடன் கேட்டபோது செல்போனுக்கும் சேர்த்தே கேட்டார்கள். ஆடு வளர்ப்புப் பாடம் அந்த போனிலேயே குரலாக வந்தது. வங்கிக்காரனாக இருந்தவன் சொல்கிறேன், கடன் மனுவில் காது கொடுத்துக் கேட்பதற்கும் ஒரு தொகை என்பது லேசான யோசனை இல்லை. குஜராத்தில் 2009-ல் 'அவாஜ் ஓட்லோ' என்று ஒன்றை நடத்திப் பார்த்தார்கள். குரல் திண்ணை என்று அர்த்தம். சாதாரண பட்டன் போனில் கூப்பிட்டு விவசாயி கேள்வி கேட்கலாம், அடுத்த விவசாயி அதைக் கேட்டுப் பதிலும் சொல்லலாம். நமக்கு வேண்டியது அந்தத் திண்ணைதான்.

"அதுக்குத்தான் வாட்ஸ்அப் குழு இருக்கே" என்பீர்கள். இருக்கிறது. காலை வணக்கமும் எங்கிருந்தோ வந்த வீடியோவும்தான் அதில் நிறைந்து கிடக்கின்றன. பட்டன் போன் வைத்திருப்பவர் அதற்குள் வரவும் முடியாது.

நாங்கள் பன்னிரண்டு பேர் கொஞ்சம் மாற்றிச் செய்து பார்க்கிறோம். எழுத்து வேண்டாம், குரல் மட்டும். ஒரு நிமிஷத்துக்கு மேல் கூடாது. முதலில் ஊர், தேதி, பயிரின் வயசு. அப்புறம் என்ன செய்தேன், என்ன ஆச்சு. பஞ்சகவ்யா தெளித்தேன் என்றால் போதாது, பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி, எந்தப் பருவத்தில், எத்தனை நாள் கழித்து என்ன தெரிந்தது என்று சொல்ல வேண்டும். தோற்றதையும் சொல்ல வேண்டும். தானே செய்யாததை அனுப்பக் கூடாது. காற்று, மழை, வெள்ள எச்சரிக்கை வந்தால் ஒவ்வொருவரும் பட்டன் போன்காரர் மூணு பேரைக் கூப்பிட்டு, அவர் 'சரி' என்று சொல்லும்வரை விடக் கூடாது.

அந்த அக்காவும் இதில் இருக்கிறார். அவருக்காக நான் போனைப் பிடிக்க, அவர் பேசிய முதல் செய்தி இது: "அன்னிக்கு அடிச்ச காத்துல, மேக்கால ஓரத்துல ரெண்டு வரிசை அகத்தி போட்டிருந்தாரே, அவரு தோட்டத்துல உள்பக்க மரமெல்லாம் நின்னுச்சு. என்னுது மொட்டையா கெடந்துச்சு. நீங்க போடுங்க." எனக்கு வந்த எந்தக் குறுஞ்செய்தியிலும் இந்த அகத்தி இல்லை. நாற்பது செய்தி அவருக்கு வந்தது. அவரிடமிருந்து ஒன்று வாங்க யாருக்கும் தோன்றவில்லை.

அரசிடமும் நாம் கேட்க வேண்டும். பேரிடர் எச்சரிக்கை தமிழில் குரல் அழைப்பாக வரட்டும், எடுக்காதவருக்கு மறுபடி வரட்டும். கிசான் கால் சென்டர் 2004 முதல் இருக்கிறது, 1800-180-1551, கட்டணம் இல்லை. கூப்பிடுங்கள். மருந்துப் பெயர் சொன்னால், "இயற்கை முறையில என்ன செய்யலாம், அதைச் சொல்லுங்க" என்று விடாமல் கேளுங்கள். பத்து பேர் கேட்டால் பதில் தேட ஆரம்பிப்பார்கள்.

அதற்கு முன்னால் ஒரு வேலை. இந்த இதழைப் படிக்கிற உங்களுக்கு எழுத்து தெரியும். உங்கள் வரப்புக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குத் தெரியுமா? இந்த வாரம் ஒருநாள் அவர் போனை வாங்கிப் பாருங்கள். பிரிக்காமல் கிடக்கிற செய்தியில் அவருடைய வெள்ளாமை இருக்கலாம்.