என் மாயாவியைத் திருப்பித் தாருங்கள்!



இந்த முறை 'மரம் வளர்ப்போம்' பற்றி எழுதச் சொன்னாங்க. அதை ஏற்கனவே மூணு பேர் எழுதிட்டாங்க, பக்கத்துலயே ஒட்டியிருக்கு. அதனால நான் என் மனக்குறையை எழுதுகிறேன்.

நான் ஒரு காமிக்ஸ் பைத்தியம். இது ஊரறிந்த விஷயம். ஆனால் நான் படும் பாடு யாருக்கும் தெரியாது. வீட்டுல "பத்தாவது வந்தும் பொம்மை புஸ்தகமா?"ன்னு அம்மா. இரவல் வாங்குற நண்பன் அட்டை இல்லாம திருப்பித் தர்றான். ஒருத்தன் மிக்சர் எண்ணெயோடவே தந்தான். பேர் சொல்ல மாட்டேன், அவனுக்கே தெரியும்.

இதையெல்லாம்கூட பொறுத்துக்கலாம். "இரும்புக்கை மாயாவியா? அயர்ன் மேனைப் பார்த்துக் காப்பியடிச்சதுதானே"ன்னு சொல்றாங்க பாருங்க, அதைத்தான் தாங்க முடியலை. நண்பா, மாயாவி இங்கிலாந்தில் 'வேலியண்ட்' இதழில் வந்தது 1962-ல். அயர்ன் மேன் வந்தது அதுக்கு அப்புறம்தான்! சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972-ல் தொடங்கியதே மாயாவி கதையோடதான். மின்சாரம் பாய்ந்தால் உடம்பு மறையும், இரும்புக்கை மட்டும் தெரியும். அந்தக் கை தனியா மிதந்து வரும்போது வர்ற திகில், எந்த சினிமாவுலயும் எனக்கு வந்ததில்லை.

சரி, விஷயத்துக்கு வர்றேன். போன மாதம் மழை பெய்ததால் பி.டி. பீரியடில் எங்களை வகுப்பிலேயே உட்கார வைத்தார்கள். நான் மாயாவியை எடுத்தேன். ஒரு ஐயா வந்து பிடுங்கிக்கிட்டார். பாட நேரத்தில் படித்திருந்தால் என் தப்பு, ஒத்துக்கறேன். அது விளையாட்டு பீரியடுங்க! பக்கத்து பெஞ்சுல புத்தகக் கிரிக்கெட் ஆடினவங்களை யாரும் ஒண்ணும் சொல்லலை.

"படம் பார்க்கிறது படிப்பு இல்லை" என்றார் ஐயா. இங்கேதான் நான் பணிவோடு மாறுபடுகிறேன். என் தம்பி நாலாவது படிக்கிறான். தமிழ்ப் புத்தகத்தை எடுத்தாலே எழுத்துக்கூட்டி, ரெண்டு வரியில தூங்கிடுவான். அவனுக்கு லக்கி லூக் கொடுத்தேன். முதல்ல படம்தான் பார்த்தான். அப்புறம் "டுமீல்" மட்டும் வாசிச்சான். அடுத்து என்ன பேசிக்கிறாங்கன்னு தெரியணுமே! யாரும் சொல்லாமலேயே வாசிக்க ஆரம்பிச்சான். 'ஆய்வுக்கூடம்' என்ற சொல்லை அவன் கத்துக்கிட்டது அறிவியல் பாடத்தில் இல்லை, மாயாவியில். இப்போ என் புத்தகங்களை அவன்கிட்டயிருந்து காப்பாத்துறதுதான் எனக்கு வேலை.

நம்ம பள்ளி நூலகத்தில் ஒரு தட்டு காமிக்ஸுக்கு ஒதுக்கினால் என்ன? அப்பா காலத்துல பெட்டிக்கடையில தொங்குமாம். இப்போ பெரும்பாலும் சந்தா கட்டணும், இல்லேன்னா புத்தகக் கண்காட்சிக்குப் போகணும். எல்லா வீட்டிலும் அது முடியுமா? தட்டு கிடைத்தால் முதல் பத்துப் புத்தகம் நான் தருகிறேன். (மிக்சர் கைகளுக்கு அனுமதி இல்லை.)

ஐயாவுக்கு ஒரு வேண்டுகோள். என் புத்தகம் ஆசிரியர் அறையில் உங்கள் மேசைமேல்தான் இருக்கிறது. நேற்று வருகைப் பதிவேடு எடுக்க வந்தபோது பார்த்தேன். நடுவில் அடையாளத்துக்கு ஒரு ரீஃபில் வைத்திருக்கிறது. அது நான் வைத்தது இல்லை. முடித்துவிட்டே கொடுங்கள் ஐயா, காத்திருக்கிறேன்.

– பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு