ஆக்சிமீட்டர் சொல்லாத கணக்கு



2021ஆம் ஆண்டுக் கோடையில் கொரோனா இரண்டாம் அலை வீசியபோது, தாம்பரம், பல்லாவரம், பம்மல் பகுதிகளில் பல வீடுகளுக்கு ஆக்சிமீட்டர் வந்து சேர்ந்தது. விரலில் மாட்டி 98 என்று கண்டால் ‘அல்ஹம்துலில்லாஹ்’ என்று நிம்மதியடைந்தோம். ஆனால் அந்த எண் சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. நம் வீட்டுப் பெண்களுக்காக அதை நாம் அறிந்தாக வேண்டும்.

நுரையீரல் நோய் என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது, 1928இல் காசநோயாளிகளுக்காகத் தொடங்கப்பட்ட தாம்பரம் சானடோரியம். எனினும் நுரையீரல் ஆக்சிஜன் நுழையும் வாசல் மட்டுமே. அதைச் சுமந்து செல்வது இரத்தச் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின். அதன் ஒவ்வொரு மூலக்கூறிலும் நான்கு இரும்பு அணுக்கள் உள்ளன. ஒவ்வொன்றும் ஓர் ஆக்சிஜன் மூலக்கூறைப் பற்றிக்கொள்கிறது.

பற்றிக்கொள்வதைவிட வியப்பானது, அது விட்டுக்கொடுக்கும் விதம். உழைக்கும் தசையில் கரியமில வாயுவும் அமிலத்தன்மையும் வெப்பமும் மிகுகின்றன. அங்கே ஹீமோகுளோபினின் பிடி தளர்ந்து ஆக்சிஜன் இறங்குகிறது. கரியமில வாயுவின் இந்த விளைவை டென்மார்க் அறிஞர் கிறிஸ்டியன் போர் 1904இல் விளக்கினார். ஓய்வு நேரத்தில் இரத்தம் தன் சுமையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கை மட்டும் இறக்கிவிட்டு மீதியுடன் திரும்புகிறது. உழைக்கும்போது மிகுதியாக இறக்குகிறது. அமானிதத்தை உரிய இடத்தில், தேவையறிந்து ஒப்படைக்கும் ஏற்பாட்டை வல்ல இறைவன் நம் உடலுக்குள்ளேயே வைத்திருக்கிறான்.

சுமப்பவர் குறைந்தால் என்ன ஆகும்? தாம்பரத்திலிருந்து பத்துப் பேருந்துகள் நிறைந்து புறப்பட்டாலும், ஐந்தே பேருந்துகள் நிறைந்து புறப்பட்டாலும் ‘நிறைந்தன’ என்றுதான் சொல்வோம். ஆக்சிமீட்டரும் அப்படியே. இருக்கும் ஹீமோகுளோபினில் எத்தனை விழுக்காடு நிறைந்தது என்று காட்டுமேயன்றி, எவ்வளவு இருக்கிறது என்று காட்டாது. 100 மில்லி இரத்தத்தில் 14 கிராம் ஹீமோகுளோபின் உள்ளவர் சுமார் 18 மில்லி ஆக்சிஜன் சுமக்கிறார். 7 கிராம் உள்ளவர் சுமார் 9 மில்லி. இருவர் விரலிலும் 98 வரலாம். அந்தக் குறையை ஈடுகட்ட இதயம் வேகமாகத் துடிக்கிறது. படியேறினால் மூச்சு வாங்குவதும், எந்நேரமும் களைத்திருப்பதும் இதனால் இருக்கக்கூடும்.

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. தமிழகத்திலும் பாதிக்கும் மேற்பட்டோருக்கு உண்டு. மாதவிடாயிலும் பேறுகாலத்திலும் இரும்புச்சத்தை இழப்பவர்கள் அவர்கள். ஆனால் எளிதில் உடலில் சேரும் இரும்புச்சத்துள்ள கறியும் ஈரலும் ஆண்களின் தட்டுக்கே முதலில் போகின்றன. கடைசியில் உண்ணும் தாய்க்குக் குழம்பு மிஞ்சுகிறது. உண்டவுடன் பருகும் தேநீரோ உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வதையும் குறைக்கிறது. களைத்த பெண்ணைச் ‘சோம்பேறி’ என்று பழிப்பது அநீதியல்லவா?

நம் ஜமாஅத்துகளுக்கு ஒரு வேண்டுகோள். இரத்ததான முகாம்களை நாம் ஆர்வத்துடன் நடத்துகிறோம். கொடையாளிக்கு 12.5 கிராம் ஹீமோகுளோபின் உண்டா என்று அங்கே சோதிக்கிறார்கள். அதே நாளில் மஹல்லாப் பெண்கள் அனைவருக்கும் தனியிடத்தில் இச்சோதனையைச் செய்யலாமே. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழும், கர்ப்பிணிக்கு 11க்குக் கீழும் இருந்தால் அது இரத்தசோகை. அத்தகையோர் மருத்துவரைக் காண வேண்டும். பள்ளியில் தரும் இரும்புச்சத்து மாத்திரையைக் குமட்டுகிறது என்று பிள்ளைகள் வீசிவிடாமல், உணவுக்குப் பின் உண்ணச் செய்யுங்கள். மாத்திரையால் மலம் கறுப்பது கண்டு அஞ்ச வேண்டாம். கடுமையான இரத்தசோகை உள்ளவர் ரமலானுக்கு முன்பே மருத்துவரின் ஆலோசனை பெறட்டும். நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை நாம் மறுக்கலாகாது.

உடலுக்கும் நம்மீது உரிமை உண்டு. அந்த உரிமையை நம் இல்லத்துப் பெண்களுக்கும் வழங்கும் நல்லுள்ளத்தை அல்லாஹ் நமக்கு அருள்வானாக. ஆமீன்.