காற்று நிற்க வேண்டுமே!

இந்த வாரம் சைக்கிள் டயரைப் பற்றி எழுதப் போகிறேன். "இது ஆண்பிள்ளைகள் சமாசாரம்" என்று பத்திரிகையை வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிடாதீர்கள், சகோதரிகளே! பெண்ணைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறவர்களுக்கு இதில் சங்கதி இருக்கிறது.

போன மாதம் தர்மபுரி ஜில்லா பாப்பிரெட்டிப்பட்டியில் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். சேர்வராயன் மலையடிவாரத்து ஊர். திண்ணையோரம் இரண்டு சைக்கிள்கள் சாய்ந்திருந்தன. ஒன்று, பெங்களூரில் வேலை பார்க்கும் அக்கா மகன் கொண்டு வந்த கியர் வண்டி. மற்றது அவன் தங்கையுடையது. அவள் பிளஸ் ஒன் மாணவி. வண்டி, அரசாங்கம் கொடுத்த விலையில்லாச் சைக்கிள். 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கிப் பிறகு மற்றவர்களுக்கும் விரிந்த திட்டம் அது.

இரண்டு வண்டியிலும் காற்றில்லை!

அண்ணனுக்கு அது பொழுதுபோக்கு. தங்கைக்கோ தலைபோகிற காரியம். எட்டரை மணிக்கு ஸ்பெஷல் கிளாஸ். பஸ் வருவதோ ஒன்பதே காலுக்கு. ஒரே வாரத்தில் மூன்று நாள் பின்சக்கரம் காலை வாரிவிட, "கிளாஸும் வேணாம், ஒண்ணும் வேணாம். பஸ்ஸிலே போய் வந்தால் போதும்" என்று அக்கா சொல்லிவிட்டாள். பெண்ணின் முகம் போன போக்கைப் பார்க்க முடியவில்லை.

அண்ணன் தன் வண்டிக்கு ட்யூபில்லாத டயர் போட உட்கார்ந்திருந்தான். காரிலும் ஸ்கூட்டரிலும் வந்த மாதிரி சைக்கிளுக்கும் இப்போது வந்திருக்கிறது. கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. ட்யூப் இல்லையென்றால் டயரும் ரிம்முமே பாத்திரமும் மூடியுமாகச் சேர்ந்து காற்றைப் பிடித்து வைக்க வேண்டும். ஆனால் ரிம்மில் கம்பிக்குக் கம்பி துவாரமாயிற்றே! அதற்காக ரிம்மை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, உள்பள்ளம் முழுதும் மூடும் அகலத்தில் தனி டேப்பைச் சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்ட வேண்டும். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் ஒட்டாது. வால்வுக்கு மட்டும் சின்னத் துவாரம்.

பையன் இத்தனையும் செய்துவிட்டுக் கைப்பம்பால் அடித்தான், அடித்தான், வேர்க்க வேர்க்க அடித்தான். அடித்த காற்று ஓரத்தால் 'புஸ்' என்று போய்க்கொண்டே இருந்தது. டயரின் விளிம்பு ரிம்மின் ஓரத்தில் ஏறி உட்காரும் வரை இப்படித்தான். அது உட்காரக் கொஞ்சம் காற்று போதாது. திடீரென்று ஒரு மூச்சாக உள்ளே பாய வேண்டும்.

"சித்தி, எனக்கும் இப்படியே போட்டால் பஞ்சரே ஆகாதா?" என்றாள் தங்கை.

"உன் ரிம் ட்யூபுக்காகச் செய்தது. டயர் விளிம்பைக் கவ்விப் பிடிக்காது. ஓடும்போது கழன்றால் ஆள் கீழே" என்று அண்ணனே சொல்லிவிட்டான். அதைக் கேட்ட பிறகுதான் தங்கையின் சக்கரத்தைப் பார்த்தோம். ட்யூபைத் தண்ணீரில் அமிழ்த்தினால் பழைய ஒட்டுகளுக்குப் பக்கத்திலேயே புதிதாகக் குமிழி! ஒரே இடத்தில் எப்படித் திரும்பத் திரும்ப ஓட்டை விழும்?

பெரியம்மா பேசாமல் ஒரு பழைய மல் துணியை எடுத்து, டயரின் உட்புறத்தைச் சுற்றித் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஓரிடத்தில் துணி மாட்டிக்கொண்டு நூல் இழுத்தது. வேலிக்கருவை முள்! வெளியே ஒடிந்து, நுனி மட்டும் டயருக்குள் புதைந்திருந்தது. ட்யூபை ஒட்டியவர்கள் யாரும் முள்ளைத் தேடவில்லை. "புடவை கிழியறது எங்கேன்னு பொம்பளைக்குத் தெரியாதா, கண்ணு?" என்றாள் பெரியம்மா.

முள்ளைக் குறடால் பிடுங்கினோம். உப்புத்தாளால் ட்யூபைத் தேய்த்து, சொலூஷன் தடவி, அது காயும் வரை பொறுத்திருந்து ஒட்டுப் போட்டாள் பெண். (பொறுக்காமல் ஈரத்தோடு ஒட்டுவதுதான் பாதிப் பேர் செய்யும் தப்பு.) வால்வு வாயில் ஒரு சொட்டு எச்சில் வைத்தாள், அங்கேயும் குமிழி. வெயிலில் விறைத்துப்போன வால்ட்யூபை உருவிப் புதிதாக ஒன்று மாட்டினாள். சில்லறைக் காசு சாமான்தான், அதற்காக எத்தனை பேர் ட்யூபையே மாற்றுகிறார்கள்!

சைக்கிளுக்குக் காற்றடைத்த டயர் வந்ததற்கு ஒரு பிள்ளைதான் காரணம் என்பது உங்களுக்குத் தெரியுமோ? பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் டன்லப், தம் மகனின் மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓட வேண்டுமென்று முயன்று, 1888-ல் பேட்டண்ட் வாங்கினார். நம் புதுக்கோட்டை ஜில்லாவில் 1990-களின் தொடக்கத்தில், அறிவொளி இயக்கத்தோடு சேர்ந்து ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் விடக் கற்றார்கள். கேலி பேசியவர்களை லட்சியம் செய்யாமல் கற்றார்கள். பஞ்சர் பார்க்கவும் நம் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தால் என்ன என்று எனக்கு அன்றைக்குத் தோன்றியது.

சாயங்காலம் அண்ணன், தன் சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு தங்கையின் காரியரில் உட்கார்ந்து லாரி டயர் கடைக்குப் போனான். அங்கே வால்வின் உள்ஊசியைக் கழற்றி, விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, கம்ப்ரசரைத் திறந்ததும் 'டப், டப்' என்று டயர் ஏறி உட்கார்ந்ததாம். பிறகு வால்வு வழியே ரப்பர்ப்பால் கலந்த திரவத்தை ஊற்றி, ஊசியை மாட்டிக் காற்றடித்து, சக்கரத்தைக் குலுக்கிச் சுழற்றினார்கள். சின்ன ஓட்டை விழுந்தால் அந்தப் பால் ஓடிப்போய் உறைந்து அடைக்கும். ஆனால் சில மாதங்களில் அது காய்ந்துவிடும். நம் வெயிலுக்குச் சீக்கிரமே. மறுபடி ஊற்ற வேண்டும்.

திங்கட்கிழமை காலை ஏழே முக்காலுக்கு மணிச் சத்தம் கேட்டது. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. டிபன் டப்பாவைக் காரியரில் வைத்து, கிளிப்பை அழுத்திவிட்டு, பின்சக்கரத்தைக் கட்டைவிரலால் ஒருமுறை அமுக்கிப் பார்த்தாள். கல்லு மாதிரி இருந்தது.