முதல் டியூப் வாங்குமுன் எடை கேளுங்கள்!



பருப்பும் புளியும் விற்பவர்கள் படிக்கும் இந்த இதழில், படகுக்குப் பின்னால் கட்டி இழுக்கும் காற்று டியூபைப் பற்றி எழுதுவானேன் என்று சிலர் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. நம் உறுப்பினர்கள் பலருடைய பிள்ளைகள் இன்று அமெரிக்காவில் வேலை பார்க்கிறார்கள். பேரப்பிள்ளைகளைப் பார்க்க நாமும் போய் வருகிறோம். அங்கே கோடை வந்தால் ஏரி, ஏரிக்குப் போனால் படகு, படகு இருந்தால் டியூப் என்று ஆகிவிட்டது. அப்படி ஒரு டியூப் வாங்கப் போன இடத்தில், முப்பத்தெட்டு ஆண்டுகள் மளிகைக் கடை நடத்திய எனக்கு ஒரு பாடம் கிடைத்தது. அதை நம்மவர்களோடு பகிர்ந்துகொள்ளவே இதை எழுதுகிறேன்.

டெக்சாஸ் மாநிலம் ஹூஸ்டன் நகரில் என் மகள் குடும்பம் இருக்கிறது. நகருக்கு வடக்கே கான்ரோ ஏரி என்று பெரிய நீர்த்தேக்கம். என் மருமகனும் அவருடைய நண்பரும் கூட்டாகப் பழைய மோட்டார் படகு ஒன்றை வாங்கியிருந்தார்கள். பதினேழு அடி நீளம், சிறிய எஞ்சின். பேத்திக்குப் பதினொரு வயது, பேரனுக்கு எட்டு. டியூப் வேண்டும் என்று இருவரும் ஒற்றைக்காலில் நின்றார்கள். கடைக்குப் போனோம்.

மருமகனின் கண் நால்வர் உட்காரும் பெரிய டியூபில் விழுந்தது. பளபளக்கும் நிறம், பெட்டி முழுக்கப் படம். "இதையே எடுத்துக்கொள்வோம் மாமா, நாளைக்கு நண்பர்கள் வந்தாலும் உதவும்" என்றார். நம் கடையாக இருந்தால் நாம் என்ன செய்திருப்போம்? விலை கூடிய சரக்கை வாடிக்கையாளரே கேட்கிறார், மறுபேச்சுப் பேசாமல் பில் போட்டிருப்போம்.

அந்தக் கடையில் நின்ற நடுவயது அம்மையார் பில் போடவில்லை. நான்கு கேள்விகள் கேட்டார். ஏறப்போகிறவர்களின் மொத்த எடை என்ன? மிகச் சிறியவருக்கு என்ன வயது? இழுக்கும் படகு எது? படகு ஓட்டுபவர் முன்னால் பார்க்கும்போது, பின்னால் டியூபைப் பார்த்துக்கொண்டிருக்கப் போவது யார்?

பதிலைக் கேட்டுவிட்டு, நால்வர் டியூபை இழுக்க உங்கள் படகு திணறும், அதுவும் முதல் தடவையாக இழுக்கிறீர்கள், இது வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஏறத்தாழ பாதி விலையுள்ள இருவர் டியூபைக் காட்டினார். வீட்டில் பழைய கயிறு இருக்கிறது என்று மருமகன் சொன்னபோது, அது எத்தனை பேருக்கான கயிறு என்று கேட்டார். எங்களுக்குத் தெரியவில்லை. தெரியாத கயிற்றில் பிள்ளைகளைக் கட்டக்கூடாது என்று புதுக் கயிறு ஒன்றை எடுத்து வைத்தார்.

அப்போது எனக்கு என் கடையில் நடந்த ஒன்று நினைவுக்கு வந்தது. பல ஆண்டுகளுக்கு முன் ஒருவர் வந்து நைலான் கயிறு கேட்டார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. மலிவாக இருந்ததை அளந்து வெட்டிக் கொடுத்தேன். அவர் கிணறு தூர்வாரச் சேற்றுக்கூடை இழுக்க அதைப் பயன்படுத்தியிருக்கிறார். கயிறு அறுந்து கூடை கீழே நின்ற ஆளின் தோளில் விழுந்தது. உயிர் போகவில்லை, ஆனால் அந்தக் கையால் அவர் பிறகு பாரம் தூக்கவில்லை. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் "எதற்கு?" என்ற ஒரு வார்த்தையைக் கேட்டிருக்கலாமே என்று இன்றும் மனம் உறுத்துகிறது.

இனி விஷயத்துக்கு வருவோம். முதன்முதலாக டியூப் வாங்குகிறவர்கள் பார்க்க வேண்டியவை என்ன?

முதலாவது, எடை. எத்தனை பேர் ஏறலாம், எத்தனை எடை தாங்கும் என்ற இரண்டும் டியூபின் மேலேயே அச்சிடப்பட்டிருக்கும். அமெரிக்க நீர் விளையாட்டுத் தொழில் சங்கத்தின் கணக்குப்படி ஒருவர் டியூபுக்கு 170 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 77 கிலோ. இருவருக்கு 340 பவுண்டு, மூவருக்கு 510, நால்வருக்கு 680. இதில் தலைக்கணக்கும் எடைக்கணக்கும் இரண்டுமே மீறக்கூடாது. பிள்ளைகள் இலேசானவர்கள்தானே என்று இருவர் டியூபில் மூவரை ஏற்றுவது தவறு.

இரண்டாவது, கயிறு. இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 77 கிலோ ஆளை இழுக்கும் கயிறு 1,500 பவுண்டு இழுவையைத் தாங்க வேண்டும். இருவருக்கு 2,375 பவுண்டு, மூவருக்கு 3,350, நால்வருக்கு 4,100. ஏன் இவ்வளவு? டியூப் அலையில் புதைந்து நிற்கிற கணத்தில், படகு அதை வெடுக்கென்று பிடுங்குகிறது. அந்த நேரத்தில் கயிற்றில் விழும் பாரம் ஆளின் எடையைப் போலப் பல மடங்கு. அறுந்த கயிறு சாட்டைபோலத் திரும்பிப் படகில் இருப்பவர் முகத்தில் அடிக்கும். கயிற்றின் நீளம் 50 அடிக்குக் குறையாமலும் 65 அடிக்கு மேற்படாமலும் இருக்க வேண்டும்.

மூன்றாவது, அமைப்பு. தட்டையான டியூபில் குப்புறப் படுத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொள்வார்கள். விழுவதும் எளிது, மீண்டும் ஏறுவதும் எளிது. மற்றொரு வகையில் பள்ளத்தில் சாய்ந்து உட்காரலாம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டுக்கு முதல் டியூபாக உட்காரும் வகையே ஏற்றது என்பது என் கருத்து. ஆனால் எதுவானாலும் பெரியவரையும் சிறுவரையும் ஒன்றாக ஏற்ற வேண்டாம். டியூப் துள்ளும்போது தலையோடு தலை மோதும். 80 கிலோ ஆள் எட்டு வயதுப் பிள்ளை மேல் விழுந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

நான்காவது, தரம். உள்ளே காற்றடைக்கும் பை பி.வி.சி.யால் ஆனது. அதன் தடிமனைக் கேஜ் கணக்கில் போட்டிருப்பார்கள். மேலுறை நைலான். ஜவுளி வணிகர்களுக்கு டெனியர் என்ற சொல் தெரியும். 840 டெனியர் உறை 420 டெனியர் உறையைவிடக் கனமானது. உறை டியூபை முழுவதும் மூடியிருப்பது நல்லது. காற்றைச் சுருக்கம் இல்லாமல் விறைப்பாக அடைக்க வேண்டும். தொய்ந்த டியூப் தண்ணீரில் புதைந்து கயிற்றுக்குப் பாரம் ஏற்றும். இழுத்து முடித்தபின் வெயிலில் அப்படியே போட்டால் காற்று விரிந்து தையல் விடும், சைக்கிள் டியூப் வெடிப்பது போலத்தான்.

ஐந்தாவது, பணம் கொடுத்து வாங்க முடியாத ஒன்று, கட்டுப்பாடு. பெரியவர்களை இழுக்கும்போது மணிக்கு 20 மைல், பிள்ளைகளானால் 15 மைல், இதற்கு மேல் வேகம் வேண்டாம். ஏறுபவர் ஒவ்வொருவருக்கும் உடம்புக்குப் பொருந்திய லைஃப் ஜாக்கெட் வேண்டும். டெக்சாஸில் சிறு படகு ஓடும்போது 13 வயதுக்குட்பட்டவர்கள் அதை அணிந்தே ஆகவேண்டும் என்பது சட்டம். பின்னால் பார்ப்பதற்கென்று ஓர் ஆள் படகில் உட்கார வேண்டும். ஏறும்போதும் இறங்கும்போதும் எஞ்சினை நிறுத்திவிட வேண்டும், ஏனெனில் விசிறி கண்ணுக்குத் தெரியாமல் நீருக்கடியில் சுற்றும்.

வேகமாக விற்பதெல்லாம் நல்ல சரக்கு ஆகிவிடாது என்பதற்கும் இந்த வியாபாரத்திலேயே சான்று உண்டு. 2005 அக்டோபரில் வீகோ கைட் டியூப் என்ற ஒன்று அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. பத்தடி அகலமுள்ள அந்த வட்ட டியூப், படகு இழுக்கும்போது ஆளோடு காற்றில் பட்டம்போல் எழும்பியது. விலை 500 முதல் 600 டாலர். இருவர் இறந்தார்கள், பலர் காயமடைந்தார்கள். 2006 ஜூலையில் ஏறத்தாழ 19,000 டியூபுகள் திரும்பப் பெறப்பட்டன. அறிவித்தது அந்நாட்டின் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையம். சரக்கு திரும்பி வரலாம், போன உயிர் வருமா?

இது அமெரிக்கக் கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். 2023 மே 7ஆம் தேதி கேரளத்தின் தானூரில், அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய சுற்றுலாப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டார்கள், அவர்களில் பலர் குழந்தைகள். லாரி டியூபைக் கட்டிக்கொண்டு கிணற்றில் நீச்சல் பழகியவர்கள் நாம். அந்தத் துணிச்சலில்தான், சுற்றுலா போன இடத்தில் வாழைப்பழப் படகில் ஏறும்போது எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்காமல் விடுகிறோம். கேட்டால் கௌரவம் குறைந்துவிடாது.

மருமகனுக்கு முதலில் சற்று வருத்தம்தான். ஆனால் ஏரியில் முதல் நாள் இருவர் டியூபை இழுக்கும்போதே அந்தப் பழைய படகு எவ்வளவு முக்கியது என்பதை அவரே பார்த்தார். மகள் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்து பிள்ளைகளைவிட்டுக் கண்ணெடுக்காமல் இருந்தாள். பேரன் இரண்டு தடவை தண்ணீரில் விழுந்து, இரண்டு தடவையும் சிரித்துக்கொண்டே மிதந்தான். கரையில் உட்கார்ந்து அதைப் பார்த்த எனக்கு, அந்தக் கடை அம்மையார் இழந்த லாபம் எங்கே போயிற்று என்று புரிந்தது. அடுத்த ஆண்டு லைஃப் ஜாக்கெட் மாற்ற வேண்டி வந்தபோது, மருமகன் வேறு கடைக்குப் போகவில்லை.

வணிகப் பெருமக்களே! நம் கடையில் டியூப் விற்காமல் இருக்கலாம். கயிறு விற்கிறோம், அடுப்பு விற்கிறோம், எலி மருந்து விற்கிறோம், ஏணி விற்கிறோம். வாடிக்கையாளர் கேட்டதை எடுத்துக் கொடுப்பது வியாபாரம்தான். எதற்கு, யாருக்கு, எவ்வளவு பாரத்துக்கு என்று ஒரு வார்த்தை கேட்டுக் கொடுப்பதே நேர்மையான வியாபாரம். தராசு பிடிக்கும் நமக்கு எடை கேட்பது புதிதல்ல. இன்றே நம் கடைகளில் கேட்கத் தொடங்குவோம்!