கடலாமையும் கல்வியும்

அகநானூற்றின் 160 ஆம் பாட்டில் ஒரு கடலாமை வருகின்றது. குமுழிஞாழலார் நப்பசலையார் பாடியது அப்பாட்டு. நிறைந்த சூலையுடைய ஆமை அடும்பின் கொடி சிதையுமாறு மணல்மேட்டிற்கு வந்து, தன் முட்டைகளை மறைத்துப் புதைக்கின்றது. அம்முட்டை யானைக் கொம்பினாற் செய்த வட்டினைப் போன்றது. புலால் நாற்றம் உடையது. இவற்றையெல்லாம் வகுப்பில் ஆசிரியர் விளக்குவார். கோடு என்பது கொம்பு, வட்டு என்பது ஆடுகருவி என்று மாணவர் எழுதிக்கொள்வர். தேர்வில் வினா வந்தால் விடையும் எழுதுவர். ஆயினும், அவருட் பெரும்பாலோர் அடும்பின் இலையையோ ஆமையின் முட்டையையோ ஒருநாளும் கண்டறியார். கடலோசை காதில் விழும் தொலைவில் வாழும் சென்னை மாணவரும் கண்டதில்லை என்பதே வருந்தத்தக்கது.

காண்பதற்கு வழி இல்லாமற் போகவில்லை. ஆண்டுதோறும் தை முதல் பங்குனி வரை, பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகள் சென்னைக் கரையில் இரவு நேரத்தில் ஏறி முட்டையிடுகின்றன. 1970களில் வனவிலங்கு ஆர்வலர் சிலர் இக்கரையில் இரவிலே நடந்து அம்முட்டைகளைக் காக்கத் தொடங்கினர். 1988 ஆம் ஆண்டில் மாணவர்களே ஒன்றுகூடி ஓர் அமைப்பினை நிறுவி அப்பணியை ஏற்றனர். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் தொலைவு, நள்ளிரவிற் புறப்பட்டு நடப்பர். பிள்ளைகளும் பெற்றோரும் உடன் நடந்து காணவும் இவர்கள் இடமளித்து வந்திருக்கின்றனர்.

அந்நடையில் கைவிளக்கு ஏற்றலாகாது; உரக்கப் பேசலாகாது. முதலில் பிள்ளைகளுக்குச் சலிப்பே உண்டாகும். பின்னர் யாரேனும் ஒருவர், மணலில் உழவுந்தின் சக்கரம் ஏறிச் சென்றாற் போன்ற தடத்தைக் காண்பார். தடத்தின் முடிவில், அனுபவம் மிக்க தொண்டர் ஒரு மெல்லிய கோலால் மணலைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, மணல் இளகிய இடத்தைக் கண்டறிவார். தோண்டினால் குடம் போல வாய் குறுகி அடி அகன்ற குழி. அதனுள் நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகள். வெள்ளிய உருண்டைகள், தோல் போல் இளகிய ஓடு உடையவை, ஆதலால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தும் உடைவதில்லை. நாயும் மனிதரும் அவற்றைக் கெடுக்காதபடி, வேலியிட்ட பொரிப்பகத்திற்குக் கொண்டு சென்று, அதே அளவும் வடிவும் உள்ள குழியில் மீண்டும் புதைப்பர். சில மணி நேரத்திற்குள் இது முடிதல் வேண்டும். காலந்தாழ்த்து முட்டையைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு அழிந்துவிடும். மணலின் வெப்பம் மிகுந்தால் பெண்குஞ்சுகளும் குறைந்தால் ஆண்குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்பதையும் அங்கேயே கேட்டறிவர். தொண்டர் கையில் முட்டையைக் கண்டு, அதன் நாற்றத்தையும் உணர்ந்த மாணவனுக்கு வட்டு என்னும் உவமைக்கு உரை வேண்டுவதில்லை.

ஆனால், அவன் வேறொன்றும் கேட்பான். குஞ்சு பொரிக்கும் அளவும் முட்டைகளை ஆண் ஆமை பாதுகாக்கும் என்று பாட்டுக் கூறுகின்றதே, அது எங்கே என்பான். ஆண் ஆமை முட்டையைக் காக்கக் கரையேறுவதே இல்லை. தாயும் குழியை மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடும். மீண்டும் வந்து பார்ப்பதில்லை. முட்டையின் வடிவையும் நாற்றத்தையும் இத்துணை நுட்பமாகச் சொன்ன புலவர், குடும்ப அன்பைக் கருதி எஞ்சியதைத் தம் உள்ளத்தினின்றும் பாடினார் போலும். அதனாற் பாட்டின் இனிமை குறைவதில்லை. ஆனால், உரை சொல்வோர் உண்மையை மறைத்தல் தகாது. இத்தகைய வினாவைக் கேட்கும் மாணவன் ஏட்டையும் கரையையும் ஒருங்கே கற்றவன் ஆகின்றான்.

தொட்டுக் கற்பதே கல்வி என்று இக்காலத்திற் பலர் சொல்கின்றனர். அதில் ஓர் இடர் உண்டு. ஏறத்தாழ 45 நாள் முதல் 60 நாள் கழித்துக் குஞ்சுகள் வெளிப்பட, அவற்றைக் கடலில் விடும் காட்சியைக் காணக் கூட்டம் கூடுகின்றது. குழந்தை குஞ்சைக் கையில் எடுக்க விழைகின்றது; தந்தை கைப்பேசியின் ஒளியைப் பாய்ச்சிப் படம் எடுக்க முனைகின்றார். இரண்டும் தவறு. குஞ்சு தானே ஊர்ந்து அலையை அடைதல் வேண்டும். அதற்கு வழிகாட்டி, கடற்பக்கத்து வானின் மங்கிய ஒளி ஒன்றே. வேறு ஒளி கண்டால் அதன் பக்கம் திரும்பிவிடும். ஆதலின், குஞ்சுகள் பொரித்துச் சென்றபின் எஞ்சும் வெற்றோட்டைப் பிள்ளைகள் தொடட்டும். மணலின் வெம்மையைத் தொடட்டும். அடும்பின் பிளவுபட்ட இலையைத் தொடட்டும். குஞ்சின்முன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கட்டும். பெருங்கூட்டத்தைக் காட்டிலும் பத்துப்பேர் செல்லுதலே நன்று.

பெற்றோர் சிலர் வேறோர் அச்சம் உடையர். இந்நடையில் உயிருள்ள ஆமையைக் காண்பது அரிது. இறந்து ஒதுங்கிய ஆமையைக் காண்பது எளிது. 2025 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில் சென்னையை ஒட்டிய கரைகளில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கின. ஆமை நுரையீரலால் மூச்சு விடுவது. இழுவலையிற் சிக்கி நீர்மேல் வர இயலாவிடின் மூச்சுத் திணறி மடியும். பிள்ளைகளுக்கு இதனைக் காட்டலாமா என்கின்றனர். காட்டத்தான் வேண்டும். கண்ணை மூடி அழைத்துச் சென்றால், அக்கரை அவர்களுக்குப் பொருட்காட்சி ஆகிவிடும். மீனவர் மேற் பழிபோட்டு முடிக்கவும் கூடாது. ஆமை தப்பிச் செல்ல வாயில் அமைத்த வலைகள் உள்ளன என்பதையும், அவற்றால் மீனும் ஓரளவு தப்பிப்போகும் என்று வலைஞர் தயங்குவதையும் சேர்த்தே சொல்லுதல் வேண்டும். பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்கு இது விளங்காத செய்தியன்று.

பெற்றோர் உடன் செல்லுதற்கு மற்றொரு காரணமும் உண்டு. கரையோரத் தெருவிளக்கும் மாடி விளக்கும் குஞ்சுகளைச் சாலைக்கு இழுக்கின்றன. பங்குனி, சித்திரை இரவுகளில் அவ்விளக்கை அணைக்கும்படி எழுதிவைத்த பலகையைப் படித்துச் செய்வோர் சிலரே. கடலுக்கு முதுகு காட்டித் தெருவை நோக்கி ஊரும் ஒரு குஞ்சைத் தம் மகளின் அருகில் நின்று கண்ட தந்தை, வீடு திரும்பியதும் முதலில் மாடிக்குத்தான் ஏறுவார்.